ஏரியில் விட்ட ட்ரவுட்டுக்கு எந்தக் கயாக்?

"கயாக் வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று யாராவது கேட்டால், "எந்த ஏரியில் இறக்கப் போறீங்க?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். முக்கால்வாசிப் பேரிடம் அதற்குப் பதில் இருக்காது. கடையில் நிற்கும் பெடல் கயாக்கை (காலால் மிதித்து ஓட்டும் சின்னப் படகு) பார்த்து ஆசைப்பட்டிருப்பார்கள், யூடியூபில் ஒருவர் அதில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மீன் மேல் மீனாகத் தூக்குவதைப் பார்த்திருப்பார்கள், மனசுக்குள் பாதி வாங்கியே முடித்திருப்பார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சுற்றியிருக்கும் ஏரிகளில் அரசு விடுகிற ட்ரவுட் மீனைப் பிடிப்பதற்கு அது தேவையா, பாதி விலையில் வேறு எதுவும் போதுமா, கயாக்கே இல்லாமல் முடியுமா என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் மீனைப் பற்றி. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் ரெயின்போ ட்ரவுட், பிரவுன் ட்ரவுட் இரண்டுமே வந்தேறி மீன்கள். பிரவுன் ட்ரவுட்டின் முட்டைகள் 1864இல் இங்கிலாந்திலிருந்து ஐஸில் பொதித்து நார்ஃபோக் என்ற கப்பலில் மெல்போர்னுக்கு வந்து, அங்கிருந்து டாஸ்மேனியாவுக்குப் போயின. (நம்ம ஊட்டி அவலாஞ்சியிலும் நுவரெலியா பக்கத்திலும் ட்ரவுட் வந்து சேர்ந்த கதையும் ஏறத்தாழ இதுதான், வெள்ளைக்காரத் துரைகளுக்கு மலையைப் பார்த்தால் தூண்டில் ஞாபகம்.) இன்று இந்த ஏரிகளில் பெரும்பாலானவற்றில் மீன் இருப்பதற்குக் காரணம், விக்டோரிய மீன்வள ஆணையம் ஸ்னோப்ஸ் கிரீக் பொரிப்பகம் மாதிரியான இடங்களில் வளர்த்துக் கொண்டுவந்து விடுவது. அதற்கான காசில் ஒரு பகுதி நாம் கட்டும் மீன்பிடி உரிமத்திலிருந்து வருகிறது. 18 வயதிலிருந்து 69 வரை, சலுகை அட்டை மாதிரியான சில விலக்குகளைத் தவிர, எல்லோருக்கும் உரிமம் கட்டாயம், ஆன்லைனில் வாங்கிவிடலாம்.

இந்த மீன் விடுதலில் இரண்டு வகை உண்டு. அது தெரிந்தால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

ஒன்று, பிடிக்கிற அளவுக்கு வளர்ந்த ரெயின்போக்களை லாரியில் கொண்டுவந்து ஊருக்குள் இருக்கும் சிறு குளங்களில் விடுவது. பள்ளி விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால் விடுவார்கள், பிள்ளைகள் பிடிக்கட்டும் என்று. கார்கரூக், பெர்விக் ஸ்பிரிங்ஸ், ஆல்பர்ட் பார்க் எல்லாம் இந்தக் கணக்கு. இரண்டாவது வகையில், சின்னக் குஞ்சுகளையோ ஒரு வயதுக் குட்டிகளையோ பெரிய ஏரியில் விட்டு, அங்கேயே தின்று வளர விடுவார்கள். முதல் வகை மீன் சில நாள்களுக்கு இறக்கிவிட்ட இடத்தைச் சுற்றியே கூட்டமாகத் திரியும், தொட்டியில் தீவனம் தின்று பழகிய மீன், கரையோரமாகச் சுற்றிச் சுற்றி வரும். இரண்டாவது வகை அப்படியில்லை. அது ஏரி முழுக்கப் பரவிவிடும், அதற்குத் தீனி எங்கேயோ அங்கேதான் இருக்கும்.

அதனால் முதல் வகைக் குளங்களுக்குக் கயாக் வேண்டவே வேண்டாம். பல குளங்களில் படகு இறக்கவே விடமாட்டார்கள், விட்டாலும் கரையில் நிற்கும் பத்துப் பிள்ளைகளின் தூண்டில்களுக்கு நடுவே நீங்கள் துடுப்புப் போட்டுக்கொண்டு போவது நன்றாகவா இருக்கும்? 10ஆம் எண் தூண்டில் முள், அதன் மேல் பவர்பெயிட் என்ற கடை இரைமாவு ஒரு பட்டாணி அளவு, அரை மீட்டர் மேலே ஒரு சின்ன ஈயம். மாவு மிதந்து தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் நிற்கும், ட்ரவுட் வருகிற உயரம் அதுதான். 40 டாலர் தூண்டில் போதும். மீன் விட்டு ஒரு வாரத்துக்குள் போனால் கரையில் நிற்பவர்தான் ராஜா. உங்களுக்கு வருஷத்தில் நாலு சனிக்கிழமைதான் நேரம் கிடைக்கும், பிள்ளைகளையும் கூட்டிப் போக வேண்டும் என்றால் இதற்கு மேல் படிக்கவே தேவையில்லை, கயாக் காசை மிச்சம் பிடியுங்கள்.

மற்றவர்களுக்கு மூன்று தண்ணீரைச் சொல்கிறேன், மூன்றும் மூன்று மாதிரி.

டெவில்பெண்ட், மார்னிங்டன் தீபகற்பத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் குடிநீருக்காகக் கட்டிய நீர்த்தேக்கம், இப்போது இயற்கைக் காப்பிடம். தென்கிழக்குப் புறநகரான டாண்டினாங், கிரான்பர்ன் பக்கம் இருப்பவர்களுக்குக் கிட்டத்தில் கிடைக்கிற நல்ல தண்ணீர் இதுதான் என்பேன். பெட்ரோல் இன்ஜின் கிடையாது, நீந்தக் கூடாது, கரையிலும் எல்லா இடத்திலும் நின்று மீன் பிடிக்க விடமாட்டார்கள். இந்தக் கடைசிக் கட்டுப்பாடுதான் கயாக்கின் மதிப்பை ஏற்றுகிறது. கரையில் நிற்பவருக்கு எட்டாத நீர் முழுக்க உங்களுக்கு, அலை கிளப்பும் வேகப்படகும் குறுக்கே வராது.

பல்லாரட்டின் வெண்டூரி ஏரி வேறு ரகம். 1956 ஒலிம்பிக்கில் துடுப்புப் படகுப் போட்டி நடந்த இடம். பெரிய வறட்சியில் காய்ந்து, 2006 வாக்கில் ஏரித் தரையில் நடந்தே போகலாம் என்ற நிலைக்கு வந்து, பிறகு தண்ணீர் நிரம்பி மீன் விட்டு மீண்ட ஏரி. ஊர் நடுவில் இருக்கிறது, ஆறு கிலோமீட்டர் நடைபாதை சுற்றி ஓடுகிறது, பெரும்பாலான இடத்தில் இரண்டு மீட்டர் ஆழம்கூட இருக்காது. ஆழமில்லாத தண்ணீரில் வெயில் அடி வரைக்கும் போவதால் நீர்க்களை தாராளம். களை இருந்தால் பூச்சி, பூச்சி இருந்தால் கொழுத்த பிரவுன். தும்பியின் இளம்பூச்சியை இங்கே மட்ஐ என்பார்கள், அதை உயிரோடு முள்ளில் கோத்துத் தக்கைக்குக் கீழே தொங்கவிட்டு அந்தி மயங்கும் நேரத்தில் காத்திருப்பதுதான் உள்ளூர்க்காரர்களின் பழைய வித்தை. கயாக்கில் போனால் களைக்கு நடுவே இருக்கும் சந்துகளுக்குள்ளேயே போய் நின்றுவிடலாம்.

பர்ரம்பீட், கேம்பர்டவுன் பக்கம், மெல்போர்னிலிருந்து இரண்டரை மணி நேர ஓட்டம். எரிமலை வெடித்த குழியில் தண்ணீர் நின்று உண்டான ஏரி, 45 மீட்டர் ஆழம், குறுக்கே ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். ரெயின்போ, பிரவுன், சினூக் சால்மன், டைகர் ட்ரவுட் என்று எல்லாவற்றையும் விடுகிறார்கள். தீனி ஏராளம், மீன் வேகமாகப் பருக்கும். சுற்றிலும் பால்மாட்டுப் பண்ணை நிலம், காற்றை நிறுத்த ஒன்றும் பெரிதாக இல்லை. காலை ஆறு மணிக்குக் கண்ணாடியாக இருக்கும் தண்ணீர் பத்து மணிக்கு வெள்ளை நுரை கட்டும். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் கயாக் வகை இங்கே முக்கியமாகிறது.

இப்போது கயாக்குக்கு வருவோம். நிஜத்தில் கையில் இருப்பது மூன்று வழிதான்: காற்றடிக்கும் கயாக், துடுப்புப் போடும் கெட்டிப் பிளாஸ்டிக் கயாக், காலால் மிதிக்கும் பெடல் கயாக். "சின்ன மின்மோட்டார் ஒன்றைத் துடுப்புக் கயாக்கில் மாட்டிக்கொண்டால் என்ன?" என்று நாலாவதாக ஒன்றைக் கேட்பார்கள். மாட்டலாம். ஆனால் விக்டோரியாவில் மோட்டார் வைத்த நிமிடமே அது கயாக் இல்லை, இயந்திரப் படகு. பதிவு செய்ய வேண்டும், ஓட்டுபவருக்குப் படகு உரிமம் வேண்டும், பேட்டரி வேறு கனம். அரை நாள் ட்ரவுட் பிடிக்க இவ்வளவு அலைச்சல் எனக்குச் சரிப்படவில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

காற்றடிக்கும் வகையை நிறையப் பேர் கிண்டல் செய்வார்கள், முள் குத்தினால் மூழ்கிவிடும் என்று. அந்தப் பயம் மிகை. 300 டாலருக்கு மேலே போனால் கிடைக்கும் தடித்த பிவிசி, ட்ரவுட் முள்ளுக்கெல்லாம் அசையாது, தனித்தனிக் காற்றறைகளும் இருக்கும். உண்மையான தொல்லை இரண்டு. எடை இல்லாமல் தண்ணீர் மேல் நிற்பதால் பக்கக் காற்றில் இழுத்துக்கொண்டு போகும், நீங்கள் துடுப்புப் போடுவதில் பாதி, நேராக நிற்பதற்கே செலவாகும். அடுத்தது காய வைப்பது. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. ஜூலை மாத மெல்போர்னில், யூனிட் வீட்டு பால்கனியில் ஈரமான மூன்று மீட்டர் ரப்பரை எங்கே விரித்துக் காய வைப்பீர்கள்? மடிப்புக்குள் ஈரம் நின்றால் ஒரே வாரத்தில் பூஞ்சை வாடை. குளியலறையில் தொங்கப் போட்டு வீட்டில் திட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் கார் நிறுத்த ஓர் இடம் தவிர வேறு இடமே இல்லாத வாடகை வீட்டுக்காரருக்கு இதை விட்டால் வேறு வழி கிடையாது. டெவில்பெண்ட், வெண்டூரி இரண்டுக்கும் காற்றில்லாத காலையில் தாராளமாகப் போதும். வெண்டூரிக்குப் போனால் அடியில் மாட்டும் ஃபின்னை (மீன் துடுப்பு மாதிரியான தகடு) சின்னதாகப் போடுங்கள், பெரியது களையை வாரிக்கொண்டே வரும். பர்ரம்பீட்டுக்கு இதை எடுத்துப் போகாதீர்கள்.

கெட்டிப் பிளாஸ்டிக்கில் மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைதான் நான் பெரும்பாலும் சிபாரிசு செய்வது. மூன்று மீட்டரிலிருந்து மூன்றரை மீட்டர் நீளம், 25 கிலோ பக்கம், புதிதாக 500 முதல் 1,000 டாலர், பழையது அதில் பாதிக்கும் கிடைக்கும். உள்ளே வரும் தண்ணீர் துளைகள் வழியே தானாக இறங்கிவிடும், கவிழ்ந்தாலும் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். ஒரே ஆளாகக் கார் கூரையில் ஏற்றலாம். ஏற்றலாம் என்றால், கொரோலா மாதிரி தாழ்வான காரில் ஏற்றலாம். க்ளூகர் மாதிரி உயரமான வண்டி என்றால் பின்பக்கம் பழைய ரப்பர் மிதியடி ஒன்றைப் போட்டு, மூக்கை முதலில் கூரையில் சாய்த்து, பிறகு பின்னாலிருந்து தள்ள வேண்டும். மீன் பிடித்துக் களைத்துத் திரும்பும்போது இந்த வேலை இரண்டு மடங்கு கனக்கும், வாங்கும் முன்னே ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.

ட்ரவுட்டுக்கு இந்தத் துடுப்புக் கயாக் ஏன் பொருந்துகிறது என்றால், இழுத்துக்கொண்டு போகும் வேகம். டாஸ்மேனியன் டெவில் என்று ஒரு லூர் (போலி இரை) உண்டு, நடுவில் ஈயமும் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் இறக்கையுமாக இருக்கும், இந்த ஏரிகளில் அதைவிட நம்பகமானது எனக்குத் தெரிந்து இல்லை. 7 கிராமோ 13.5 கிராமோ, கயாக்குக்குப் பின்னால் இருபது முப்பது மீட்டர் விட்டு, மணிக்கு இரண்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் வேகத்தில் இழுத்தால் போதும். அந்த வேகம் சோம்பேறித்தனமான துடுப்புக்கு வரும் வேகம். ஒவ்வொரு தடவை துடுப்புத் தண்ணீரில் விழும்போதும் கயாக் லேசாக முன்னே பாய்ந்து தளர்வதால் லூரும் ஏறி இறங்கும், அந்தத் தளர்ச்சியில்தான் மீன் வந்து கவ்வும். தூண்டிலைக் கால்களுக்கு நடுவே முன்பக்கம் பார்க்க வையுங்கள், பின்னால் வைத்தால் நுனி தெரியாது. நுனி விடாமல் துடித்துக்கொண்டே இருக்க வேண்டும். துடிப்பு நின்றுபோய் நுனி லேசாக வளைந்தபடி நின்றால் மீன் இல்லை, களை. சுற்றி எடுத்துச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி விடுங்கள், களையை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா இழுத்துக்கொண்டு திரிபவர்கள் எத்தனையோ பேர்.

இதில் குறை இல்லாமல் இல்லை. சட்டப்படி இரண்டு தூண்டில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் துடுப்புப் போட்டுக்கொண்டு இரண்டைச் சமாளிப்பது தலைவலி, திரும்பும்போது இரண்டு தங்கூசியும் (தூண்டில் நரம்பு) பின்னிக்கொள்ளும். இன்னொன்று, மீன் மாட்டிய நொடி. துடுப்பை மடியில் போட்டு, தூண்டிலை எடுப்பதற்குள் கயாக் நின்றுவிடும், காற்று இருந்தால் குறுக்கே திரும்பிவிடும், ரெயின்போ எகிறிக் குதிக்கும், தங்கூசி தொய்ந்த அந்த ஒரு விநாடியில் முள் கழன்றுவிடும்.

பெடல் கயாக்கின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது, விளம்பரத்தில் காட்டுகிற வேகத்தில் இல்லை. கை இரண்டும் சும்மா இருக்கும், மீன் மாட்டினாலும் கால் மிதித்துக்கொண்டே இருக்கலாம், தங்கூசி தொய்யாது. எதிர்க்காற்றிலும் ஓர் இடத்தில் நின்று லூரை வீசலாம். ஒரே சீரான வேகத்தில் ஒரு மணி நேரம் இழுக்கலாம். பர்ரம்பீட்டில் களைப் படுகை முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏரியைச் சுற்றி வர வேண்டும் என்றால், கோடையில் மேல்தண்ணீர் சூடாகி மீன் ஆழத்துக்கு இறங்கிய பிறகு கனமான ஈயத்தோடு ஆழத்தில் இழுக்க வேண்டும் என்றால், இதற்கு ஈடு கிடையாது. ஆழத்தையும் மீனையும் காட்டும் நல்ல சவுண்டர் கருவி ஒன்றையும் மாட்டிக்கொண்டால் அது முழுப் படகு.

ஆனால் விலை? பெயர் தெரியாத பிராண்டில் 2,000 டாலரில் தொடங்கும், ஹோபி மாதிரி என்றால் 5,000ஐத் தாண்டும். எல்லாம் மாட்டினால் எடை 40 கிலோவைத் தாண்டும், கூரையில் தனியாக ஏற்றுகிற பேச்சே இல்லை, ஆகவே டிரெய்லர், டிரெய்லருக்கு இடம், அதற்கும் பதிவு. வெண்டூரிக் களையில் சுழல்விசிறி வகைப் பெடல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சிக்கிக்கொள்ளும். ஹோபியின் ஃபின் வகை கொஞ்சம் பரவாயில்லை, ஃபின்னைக் கயாக்கின் வயிற்றோடு ஒட்டிப் படுக்க வைத்துக் களை மேல் வழுக்கிக்கொண்டு போகலாம். ஆனாலும் ஆழமில்லாத, களை நிறைந்த ஏரிதான் உங்கள் வழக்கமான ஏரி என்றால் கடைசியில் துடுப்பைத்தான் எடுப்பீர்கள், 5,000 டாலர் பெடல் காலடியில் சும்மா கிடக்கும்.

ஆகவே கணக்கு வீட்டிலிருந்து தொடங்குகிறது. தென்கிழக்கில் தனிவீடு, பக்கவாட்டில் கயாக் வைக்க இடம், டெவில்பெண்ட் அரை மணி நேரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பழைய துடுப்புக் கயாக் வாங்குங்கள். மேற்கே மெல்டன், டார்னீட் பக்கம் இருந்து பல்லாரட் போகிறவருக்கும் அதே பதில்தான். யூனிட்டில் இருந்தால் காற்றடிக்கும் வகை, அதுவும் காய வைக்க வழி இருந்தால். மாதத்தில் இரண்டு தடவை பர்ரம்பீட் போய் இரவு தங்கித் திரும்புகிற ஆர்வம் இரண்டு வருஷமாவது நின்று நிலைத்தபிறகு பெடலைப் பற்றி யோசியுங்கள். முதல் கயாக்காகவே பெடல் வாங்கியவர்களின் கயாக்குகள்தான் மார்க்கெட்பிளேஸில் "நாலே தடவை தண்ணீரில் இறக்கியது" என்று விற்பனைக்கு வருகின்றன. உங்களுக்கு வேண்டுமானால் அது நல்ல சேதி.

எந்தக் கயாக்காக இருந்தாலும் மாறாத ஒன்று குளிர். விடப்படும் ட்ரவுட் பிடிக்கச் சிறந்த காலம் ஜூனிலிருந்து அக்டோபர் வரை. சிறு குளத்திலும் ஆழமில்லாத ஏரியிலும் கோடையில் தண்ணீரின் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினாலே மீன் திணறும். நாம் தண்ணீரில் இருக்கப்போகும் மாதங்களில் அது 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். விழுந்த முதல் நிமிடம் மூச்சே கட்டுப்பாட்டில் இருக்காது, நீச்சல் தெரியும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் உதவும். கயாக்கில் உயிர்காப்பு அங்கியை எப்போதும் போட்டிருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம், காலடியில் வைத்திருந்தால் போதாது. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கைப்பேசியை நீர்புகா உறையில் போட்டு அங்கியோடு கட்டுங்கள், கயாக்கோடு கட்டினால் கயாக் காற்றில் போகும்போது அதுவும் போய்விடும். முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அது தள்ளிவிடும். வானிலைக் கணிப்பில் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் காற்று என்றால் துடுப்புக்காரர்கள் வீட்டில் தூங்கலாம். புதுக் கயாக்கிலிருந்து வேண்டுமென்றே விழுந்து ஏறிப் பழகுவதைப் பிப்ரவரியில், கடற்கரை ஓரத்தில், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஏரியில் ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து ட்ரவுட் எடுக்கலாம். ஐந்து பிடித்தால் ஐந்தையும் எடுக்க வேண்டும் என்றில்லை. எடுப்பதை உடனே கொன்று ஐஸில் போடுங்கள், வெயிலில் ஈரச் சாக்கில் போட்டு வைத்தால் சதை குழைந்துவிடும். குழம்புக்கு இது ஆகாது, புளிக்கரைசலில் கொதித்தாலே உதிரும். மிளகாய், மஞ்சள், உப்பு தடவித் தோசைக்கல்லில் வறுங்கள்.

பழைய கயாக் பார்க்கப் போனால், தண்ணீர் இறங்கும் துளைகளின் உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், விரிசல் முதலில் அங்கேதான் விடும், தள்ளுவண்டியின் கம்பி அந்தத் துளைகளில் குத்திக் குத்தி வருவது. பிறகு அடிப்பக்கம், பின்முனை, கான்கிரீட்டில் இழுத்து இழுத்துத் தேய்ந்து காகிதமாகியிருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகிறதா என்று பாருங்கள். வடிகால் மூடியைக் கழற்றிக் கயாக்கை நிமிர்த்தி வைத்தால் உள்ளிருந்து தண்ணீர் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். விற்பவர் "நேத்துதான் கழுவினேன்" என்று சொன்னால், கழுவினால் வெளியேதானே நனையும் என்று கேளுங்கள், 50 டாலர் குறையும்.